புள்ளி

கோயில் பார்த்தார்கள்.
நாங்கள் மாத்தூர், அவர்கள் வயிரவன் கோயில்.
பங்காளி இல்லை, கட்டலாம்.
தோட்டு வைரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள்,
உள்ளே கரும்புள்ளி கிடக்கிறதா என்று.
எவர்சில்வர் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்,
அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று.
எனக்கும் அயித்தானுக்கும் பார்க்காமல் விட்டதற்கு
இரண்டு மில்லி ரத்தம் போதும்.

அயித்தைக்குத் தாலி ஏறிய அன்றே
கோயில் மாறிவிட்டது.
ரத்தத்துக்கு யார் போய்ச் சொல்வது?

கல்யாணம் முடிந்ததும்
ஊர்க் கணக்கில் எங்களை ஒரு புள்ளியாகச் சேர்த்தார்கள்.

மகள் பெயர் உண்ணாமலை. கூப்பிடுவது உண்ணா.
எட்டாம் மாதம் வெளுத்தாள்.
பேர் ராசி, சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்றார்கள்.
பீட்ரூட் கொடு, பேரீச்சம்பழம் கொடு,
இரும்புச்சத்து டானிக் கொடு.
நானும் கொடுத்தேன்
அந்த இரும்பை.

இப்போது ஏழு வயது.
இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை
காரைக்குடியில் நாலு ஐம்பது பஸ்.
மேலூர் தாண்டும்போது இட்லிப் பொட்டலம் பிரிப்போம்.
மதுரையில் ஒரு கட்டில், ஒரு கம்பி, ஒரு பை.
பையின் மேல் பி பாசிட்டிவ் என்றும்
ஒரு தேதியும் இருக்கும்.
எந்தக் கோயில் என்று எழுதியிருக்காது.
யாரோ ஒருவருடைய ரத்தத்தில்
சாயங்காலம் அவள் உதடு சிவந்து
பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுவாள்.

வீட்டில் இரும்புப் பெட்டி இரண்டு.
ஒன்று ரங்கூன் கப்பலில் வந்தது, சாவி தொலைந்துபோனது.
இன்னொன்று அவள் ஈரல்.
ஒவ்வொரு பையும் கொஞ்சம் இரும்பை அதில் போட்டுப் பூட்டும்.
காலையில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற மாத்திரை
கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.
சுண்ணாம்பு மாதிரி இருக்கும்மா என்பாள்.

தம்பி சேவுகனுக்குப் பள்ளத்தூரில் பெண் பேசினார்கள்.
முறைச்சிட்டை எழுத உட்கார்ந்தபோது
ரத்தமும் பார்த்துவிடுவோம் என்றேன்.
ஆத்தா என் தொடையைக் கிள்ளினாள்.
பெண்ணின் அப்பச்சி சிரித்தார்:
பார்த்தால் போச்சு, எங்களுக்கு என்ன குறை?

நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது.
நாச்சம்மை: இரண்டு புள்ளி ஆறு.
சேவுகன்: ஐந்து புள்ளி நான்கு.
ஒருவர் மட்டும்தான். பயமில்லை.
நான் சாமி படத்துக்கு முன்னால் அழுதேன்.
அவர்கள் போன் செய்தார்கள்:
மாப்பிள்ளைக்கு ரத்தத்தில் புள்ளி இருக்கிறதாமே,
வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் உண்ணாவைத் தூக்கிக்கொண்டு
பள்ளத்தூர் போனேன்.
எனக்கு ஐந்து புள்ளி ஆறு,
முப்பத்தொரு வருஷமாக ஒரு நாள் படுத்ததில்லை,
இது நோயே இல்லை,
சுமக்கிற இருவர் சேர்ந்தால்தான்,
அதுவும் நாலில் ஒன்றுதான்,
அந்த நாலில் ஒன்றுதான்...
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.
அப்பச்சி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போ எங்க பிள்ளைக்கு?
கதவோரம் நின்ற நாச்சம்மைதான் கேட்டாள்.
சேவுகன் மாதிரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
இவள் மாதிரி வராது.

கொஞ்ச நேரம் கழித்து
இன்னொன்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி:
அன்றைக்கே தெரிந்திருந்தால்
நீங்க அவங்களைக் கட்டியிருக்க மாட்டீங்களா, ஆச்சி?

மடியில் உண்ணா
என் வளையலைக் கழற்றித் தன் கையில் போட்டுப் பார்த்தாள்.
முழங்கை வரை ஏறியது.

ஊரெல்லாம் பார்க்கச் சொல்லுவேன்.
கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் முன்
கையை நீட்டுங்கள் என்று
வீடு வீடாகப் போய்ச் சொல்லுவேன்.
அந்தக் கேள்விக்கு மட்டும்
என்னிடம் பதில் இல்லை.

நேற்று ராத்திரி ஒரு செய்தி வந்தது:
ஆச்சி, வெள்ளிக்கிழமை எந்த பஸ்?
நானும் பி பாசிட்டிவ்.

கல்யாணம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.